டவரில் ஏற வேண்டாம், தேதி சொல்லி எடுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் ஊரை ஒட்டி ஏற்கெனவே இரண்டு கல்குவாரிகள் ஓடுகின்றன. மூன்றாவதற்கு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து, நான்கு மாதமாக ஊர்ப் பெண்கள் தினமும் சாயங்காலம் மாரியம்மன் கோயில் திடலில் உட்கார்ந்து போராடுகிறோம். நான் பி.எஸ்ஸி. முடித்தவள், வயது 24. போராட்டத்தின் ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தமிழ் சேனல் ஒன்று ஒரே ஒரு நாள் வந்தது. நேஷனல் மீடியா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊருக்கு பஸ்ஸே ஒரு நாளைக்கு நான்கு தடவைதான், பக்கத்து ஊருக்கே எங்கள் போராட்டம் தெரியாது. சினிமாப் பாட்டு சேர்த்துப் போட்ட ஒரு ரீலை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. "செல்போன் டவரில் ஏறினால்தான் டெல்லிக்காரன் திரும்பிப் பார்ப்பான்" என்று ஊர் அண்ணன்கள் சிலர் சொல்கிறார்கள். இதற்கு நடுவில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் எங்கோ நடந்த தடியடிப் படத்தை எங்கள் ஊர் என்று போட்டுவிட்டார், அது பரவிவிட்டது. போன வாரம் ஸ்டேஷனிலிருந்து போன் செய்து, ஒரு வீடியோவை அழிக்கச் சொன்னார்கள். அம்மா பயப்படுகிறார். எங்கள் போராட்டத்தை எல்லோரையும் பார்க்க வைப்பது எப்படி? நான் இதைத் தொடரலாமா? (பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.)

பதில்: தொடரலாம், தாராளமாகத் தொடரலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று உறுத்தியது. நான்கு மாத உழைப்பை, டெல்லி பார்த்ததா இல்லையா என்பதை வைத்தே அளக்கிறீர்கள். குவாரிக்கு அனுமதி தருவதும் மறுப்பதும் டிவி ஸ்டூடியோவில் நடக்கிற காரியமில்லை. மாவட்ட ஆட்சியர், கனிமவளத் துறை, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தேவைப்பட்டால் பசுமைத் தீர்ப்பாயம். உங்கள் விஷயத்தில் முடிவெடுக்கப் போகிறவர்கள் இவ்வளவு பேர்தான். இவர்களுடைய மேஜைக்குப் போய்ச் சேருகிற மாதிரியான வீடியோவைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பியிருந்த அந்த ரீலைப் பார்த்தேன். பெண்கள் கோஷம் போடுகிறார்கள், அதன்மேல் பாட்டு ஓடுகிறது. கோஷம் கேட்கவில்லை. எந்த ஊர், எந்த மாவட்டம், எந்தத் தேதி, எந்தக் குவாரி என்று எங்கேயும் இல்லை. பார்த்த மூன்று லட்சம் பேரும் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு அடுத்த ரீலுக்குப் போயிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேறு என்ன செய்வதென்று அந்த ரீல் அவர்களிடம் சொல்லவே இல்லையே.

நேஷனல் மீடியா ஏன் வரவில்லை என்பதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம். செய்தி சேனல் டெஸ்க்கில் பல வருடம் உட்கார்ந்தவன். பெரும்பாலான இந்தி, ஆங்கிலச் சேனல்களின் தலைமை அலுவலகம் டெல்லியிலும் அதை ஒட்டிய நொய்டாவிலும் இருக்கிறது. சென்னைக்கு ஒரு நிருபர், ஒரு கேமராமேன். தமிழ்நாடு முழுக்க அவர்கள் தலையில்தான், சில சமயம் பாண்டிச்சேரியும் சேர்த்து. உங்கள் ஊருக்கு ஒரு நாள் வந்து போக கார், டீசல், தங்கும் செலவு. அந்த நிருபர் காலைக் கூட்டத்தில் உங்கள் செய்தியைச் சொன்னால், மறுமுனையிலிருந்து வருகிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். யாராவது இறந்தார்களா? எந்தக் கட்சி? பெரிய தலைவர் யாராவது வருகிறாரா? விஷுவல் எப்படி? ஆங்கிலத்திலோ இந்தியிலோ பைட் (கேமரா முன் பேசும் சின்னப் பேட்டி) கிடைக்குமா? ஐந்துக்கும் இல்லை என்று பதில் சொன்னால் "டெவலப் ஆனால் சொல்லு" என்று போனை வைத்துவிடுவார்கள். சதி என்று சொல்வதைவிட, இதைச் செலவுக் கணக்கும் அலட்சியமும் என்று சொல்வதே சரி. விளம்பரம் தருகிற பெரிய நிறுவனம் சம்பந்தப்பட்டிருந்தால் வேறு கணக்குகளும் சேரும். உங்கள் ஊர்க் குவாரிக்கு அந்த அளவு செல்வாக்கு இருக்காது. அங்கே நடப்பது வெறும் அலட்சியம்தான்.

"டெவலப் ஆனால்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று தூத்துக்குடியில் பார்த்தோம். 2018 பிப்ரவரியில் அ.குமரெட்டியாபுரம் மக்கள், ஸ்டெர்லைட் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து ஊரிலேயே உட்கார்ந்தார்கள், இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே. மார்ச் 24 அன்று நகரத்தில் கடைகளை அடைத்துவிட்டு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்தக் கூட்டத்தின் படங்கள் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும்தான் ஓடின. இவ்வளவு பெரிய கூட்டத்தை நேஷனல் சேனல்கள் ஏன் காட்டவில்லை என்ற கேள்வியும் கூடவே ஓடியது. மே 22, போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளுமாக நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அப்போதுதான் எல்லா கேமராவும் தூத்துக்குடி பக்கம் திரும்பியது. தொண்ணூற்றொன்பது நாள் அமைதியாக உட்கார்ந்ததற்கு வராதவர்கள், ரத்தத்துக்கு வந்தார்கள். டவரில் ஏறச் சொல்லும் அண்ணன்களிடம் நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்.

அதற்கு முந்தைய வருடம் டெல்லி ஜந்தர் மந்தரில் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழ்நாட்டு விவசாயிகள் உட்கார்ந்ததையும் அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். மண்டை ஓடுகளை முன்னால் வைத்தார்கள், எலியை வாயில் கவ்வினார்கள். 41 நாள். சேனல்கள் வந்தன, உலகப் பத்திரிகைகளிலும் படம் வந்தது. இன்று யாரிடமாவது அந்தப் போராட்டத்தைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். மண்டை ஓடு நினைவிருக்கும், எலி நினைவிருக்கும். பயிர்க்கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் என்று அவர்கள் கேட்டதெல்லாம் பத்தில் ஒருவருக்கு நினைவிருந்தால் அதிகம். வறட்சியில் எல்லாம் போன மனிதர்கள் அதைச் செய்தார்கள். அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் டவரில் ஒருவர் ஏறினால் செய்தி டவரைப் பற்றித்தான் வரும். குவாரி கடைசி வரியில் இருக்கும். இறங்கியதும் வழக்கு ஒன்று காத்திருக்கும். நான்கு மாதமாக உட்கார்ந்த உங்கள் அம்மாக்கள், அத்தைகள் எல்லோரும் படத்திலிருந்து காணாமல் போவார்கள். மெரினாவையும் உதாரணம் காட்டுவார்கள். மெரினா சென்னையின் நடுவில் இருக்கிறது, சேனல்களின் அலுவலகங்களிலிருந்து அரை மணி நேரம். உங்கள் ஊருக்கு பஸ்ஸே ஒரு நாளைக்கு நான்கு தடவைதான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சரி, தூத்துக்குடியிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. சுட்ட மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். லைவ் போட முடியாது, அனுப்ப முடியாது. ஆனால் எடுத்தவை எடுத்தவர்களிடம் இருந்தன. வேன் மேல் ஏறி நின்று, சாதாரண உடையில் துப்பாக்கியைக் குறிவைக்கிற காவலரின் காட்சியை இன்றும் யாரும் மறக்கவில்லை. பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் முன் சாட்சியங்களோடு வீடியோக்களும் வைக்கப்பட்டன. 2022-ல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்க ஆணையம் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை எந்த வேகத்தில் நகர்ந்தது என்பது வேறு கதை, அதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனாலும் ஒரு வீடியோவுக்கு எடுத்த அன்று மட்டும்தான் மதிப்பு என்று நினைக்காதீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, நான்கு வருடம் கழித்து அதன் அசல் உங்கள் கையில் இருக்கிறதா என்பது பெரிய கேள்வி.

அதனால் எப்படி எடுப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரெக்கார்டிங்கைத் தொடங்கியதும் முதலில் உங்கள் குரலில் தேதி, நேரம், ஊர், தாலுகா, மாவட்டம் சொல்லுங்கள். ஐந்து விநாடி போதும். அப்புறம் போனைப் படுக்கை வாக்கில் பிடித்து, கையை ஆட்டாமல், ஒரே இடத்தைப் பத்து விநாடியாவது எடுங்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் போனைச் சுழற்றிச் சுழற்றி எடுப்பார்கள், கடைசியில் எதுவுமே தெரியாது. முதலில் தூரத்திலிருந்து திடல் முழுவதும், கோயில் கோபுரமோ பஞ்சாயத்துப் பெயர்ப்பலகையோ தெரிகிற மாதிரி. அடுத்து உட்கார்ந்திருக்கிற வரிசை. அதற்கடுத்து ஒரு முகம், ஒரு கை, ஒரு பதாகை. இன்ஸ்டாவுக்கு நிமிர்த்திப் பிடித்துத் தனியாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு வேண்டவே வேண்டாம். சினிமாப் பாட்டு ஓடுகிற காட்சியைக் காப்புரிமை பயத்தில் எந்தச் சேனலும் எடுத்துப் போடாது. அதைவிட, வெடி வைக்கிற சத்தமும் அதற்கு அடுத்த நொடியில் வீட்டுத் தகரம் அதிர்கிற சத்தமும் எந்தப் பாட்டை விடவும் நன்றாகக் கேட்கும்.

போராட்டத்தை மட்டும் எடுக்காதீர்கள். கோஷம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்கள் ஊரில் மட்டும் இருப்பதை எடுங்கள். கத்தரிச் செடியின் இலையில் விரலால் தேய்த்துக் காட்டுங்கள், தேய்த்த இடம் மட்டும் பச்சையாகத் தெரியட்டும். சுவர் விரிசல் பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை வைத்து எடுத்து, மாதம் ஒரு தடவை அதே இடத்தில் அதே ஸ்கேலோடு எடுத்து வாருங்கள். தார்ப்பாய் மூடாமல் போகிற டிப்பரையும், அது பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் போகிறது என்பதையும் ஒரே ஷாட்டில் எடுங்கள். இந்த மாதிரி காட்சி ஒரு மனுவின் பின்னால் இணைப்பாகப் போகும், கோஷம் போகாது.

அசலை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த தேதி உட்பட உள்ளே பதிந்திருக்கிற விவரங்களும் போய்விடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். வாரம் ஒரு தடவை எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவுக்கு மாற்றி, வெளியூரில் இருக்கிற உறவினர் வீட்டில் இன்னொரு நகலும் வையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் அந்தக் கோப்பின் ஹாஷ் எண்ணையும் குறிப்பிட வேண்டும். கோப்பின் கைரேகை மாதிரி அது. ஒரு விநாடியை வெட்டினாலும் எண் மாறிவிடும். அதனால் எடிட் செய்வதெல்லாம் நகலில்தான். அசலைத் தொடாதீர்கள், எடுத்த போனையும் விற்றுவிடாதீர்கள்.

எங்கே அனுப்புவது என்ற இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நீங்கள் டெல்லிச் சேனல்களின் எக்ஸ் கணக்குகளை வரிசையாக டேக் செய்திருக்கிறீர்கள், ஒரே பதிவில் பதினைந்து. அதை யாரும் பார்க்கமாட்டார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. 2020 டிசம்பரில் டெல்லி எல்லையில் விவசாயிகள் நடத்திய 'கிசான் ஏக்தா மோர்ச்சா' ஃபேஸ்புக் பக்கம் திடீரென்று முடங்கியது. கூச்சல் எழுந்த பிறகு சில மணி நேரத்தில் திரும்ப வந்தது. பதிவுகளின் வேகம் கூடியதைப் பார்த்து தானியங்கி முறை அதை ஸ்பேம் என்று எடுத்துக்கொண்டது என்று ஃபேஸ்புக் விளக்கம் சொன்னது. விளக்கத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அடுத்த பிப்ரவரியில் மத்திய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ட்விட்டர் பல கணக்குகளை முடக்கியபோது அதிலும் அவர்கள் கணக்கு இருந்தது. இதற்கெல்லாம் முன்பே, 2020 டிசம்பரிலேயே, அந்தப் போராட்டக் களத்தில் சில இளைஞர்கள் 'ட்ராலி டைம்ஸ்' என்று பஞ்சாபியிலும் இந்தியிலும் அச்சடித்த தாளையே கொண்டுவந்துவிட்டார்கள். கூடாரத்துக்குக் கூடாரம் கையில் கொடுத்தார்கள். பக்கம் முடங்கினாலும் தாள் முடங்காது. பத்துப் பேர் ஒரே வாசகத்தை ஒரே ஹேஷ்டேகோடு ஒட்டுவதை விட்டுவிட்டு, உங்கள் குழுவும் மாதம் ஒரு தாள் ஜெராக்ஸ் போட்டுப் பக்கத்து ஊர் டீக்கடைகளில் கொடுக்கலாம். பக்கத்து ஊருக்கே உங்கள் போராட்டம் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டெல்லிக்கு முன்னால் அது.

என் யோசனை, தாலுகா நிருபர்களிடமிருந்து தொடங்குங்கள். நாளிதழ்களின் உள்ளூர் நிருபர்கள் ஒவ்வொரு தாலுகாவிலும் இருக்கிறார்கள். பாதிப் பேருக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறார்கள். ஒரு பக்கத்துக்கு மிகாத குறிப்பு, பாட்டு இல்லாத மூன்று சின்ன வீடியோ, இரண்டு படம், பேச ஒருவர் எண். இதைக் கையில் கொடுத்தால் அவர் வேலை பாதி முடிந்தது. மாவட்டப் பதிப்பில் மூன்று பத்திச் செய்தி வந்தால் என்ன பெரிய பலன் என்று கேட்பீர்கள். சென்னையில் இருக்கிற பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, நாளிதழ்ச் செய்திகளைப் பார்த்துத் தானாகவே முன்வந்து பல வழக்குகளை எடுத்திருக்கிறது. அப்படி எடுக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உறுதி செய்தது. டெல்லியில் எட்டுப் பேர் கத்துகிற ஒரு விவாதத்தைவிட, தேதியும் சர்வே எண்ணும் உள்ள அந்த மூன்று பத்தி உங்களுக்கு அதிகம் உதவும்.

வெளி மாநிலத்தவரும் பார்க்க வேண்டும் என்பதில் தப்பில்லை. அதற்கு நிறுவனத்தின் பொதுக் கணக்கை விட்டுவிட்டு, சென்னையில் இருக்கிற நிருபரின் எக்ஸ் கணக்குக்கு நேராக எழுதுங்கள். ஊரில் ஆங்கிலம் பேசத் தெரிந்த கல்லூரிப் பெண் ஒருத்தி இருபது விநாடி பேசி அனுப்பினால், நான் மேலே சொன்ன ஐந்து கேள்வியில் ஒன்றுக்குப் பதில் கிடைத்துவிடும். தி நியூஸ் மினிட் மாதிரி தென்னிந்தியச் செய்திகளுக்கே இருக்கிற ஆங்கிலத் தளங்கள் உண்டு. இவர்கள் வந்தால் ஒரு நாள் செய்தியோடு போகமாட்டார்கள்.

அரசுப் பக்கமும் பதிவு இருக்க வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ரசீதைப் படம் எடுத்து அன்றே பக்கத்தில் போட்டு, ஆட்சியரின் கணக்கை மட்டும் டேக் செய்யுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. அதில் குவாரிக்கு எதிரான தீர்மானம் வாசிக்கப்படுவதிலிருந்து கை உயர்த்துவது வரை வெட்டாமல் எடுங்கள். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து 2022 முதல் போராடுகிற ஏகனாபுரத்துக்காரர்கள் கிராம சபைத் தீர்மானத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. அவர்கள் எடுக்கட்டும், நீங்களும் எடுங்கள்.

இப்போது அந்தத் தடியடிப் படம். அழித்தால் மட்டும் போதாது. "இந்தப் படம் எங்கள் ஊரில் எடுத்தது அல்ல, தவறாகப் பகிரப்பட்டது, எங்கள் ஊரில் இதுவரை தடியடி நடக்கவில்லை" என்று உங்கள் பக்கத்திலேயே எழுதி ஒரு வாரம் மேலே பின் செய்து வையுங்கள். போட்டவர் மாமாவோ சித்தப்பாவோ, பெயரைச் சொல்லி அவமானப்படுத்த வேண்டாம். ஆனால் இனிமேல் உங்களில் இரண்டு பேர் பார்க்காமல் எந்தப் படமும் பக்கத்துக்குப் போகக்கூடாது. சந்தேகமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், பழைய படம் என்றால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். இதில் நான் ரொம்பக் கறாராக இருப்பேன். குவாரித் தரப்பு வக்கீலுக்கு உங்கள் நூறு உண்மையான வீடியோவைப் பொய் என்று நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை, அந்த ஒரு படம் போதும்.

யார் முகத்தைக் காட்டுவது என்பதையும் யோசியுங்கள். சீருடையில் இருக்கிற பிள்ளைகளை எடுக்காதீர்கள், நாளைக்குப் பள்ளியில் அவர்களைத்தான் கேட்பார்கள். பேட்டி கொடுக்கிற பெண்ணிடம், இது எல்லோரும் பார்க்கிற இடத்தில் வரும் என்று சொல்லிவிட்டு எடுங்கள். அப்புறம், உங்கள் ஊரிலேயே சில வீட்டு ஆண்கள் அந்தக் குவாரிகளில் வேலை பார்ப்பார்கள், எல்லா ஊரிலும் அப்படித்தான். அவர்கள் லாரியில் ஏறுவதை எடுத்து 'துரோகி' என்று போடுகிற வேலையை யாரும் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை லோடு போனது, எப்போது வெடி வைத்தார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

பாதுகாப்பு விஷயத்தை மழுப்ப விரும்பவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றிப் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி, 2025 ஜனவரியில் லாரி மோதிக் கொல்லப்பட்டார். குவாரி உரிமையாளர் உள்ளிட்டோர் கைதானார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அதனால் இரவில் லாரியைப் படம் எடுக்க நீங்கள் தனியாகப் போகவே கூடாது. ஸ்கூட்டியில் பின்தொடர்வதும் கூடாது. வீட்டு மாடியிலிருந்து, கோயில் திண்ணையிலிருந்து, நாலு பேரோடு நின்று எடுத்தால் போதும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிகிற மாதிரி லைவ் போடாமல், வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். பக்கத்தின் அட்மின் நீங்கள் ஒருவராக மட்டும் இருப்பதும் சரியில்லை. இன்றைக்கே இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து, மூவரும் இரண்டு அடுக்குப் பாதுகாப்பை ஆன் செய்யுங்கள். அந்த இரண்டில் ஒருவர் வெளியூரில் இருந்தால் நல்லது.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது பற்றி. அந்த வீடியோவில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்டதற்கு அவர்கள் பதில் சொல்லவில்லை என்கிறீர்கள். போனில் சொன்னால் அழிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பதிவை நீக்கச் சொல்ல முறையான உத்தரவு வேண்டும், அது பெரும்பாலும் தளத்துக்குத்தான் போகும். அடுத்த முறை வந்தால் மரியாதையாக, "சார், எழுத்தில் கொடுங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டுச் செய்கிறேன்" என்று சொல்லி, அழைப்பு வந்த நேரம், எண், பேசியவர் பெயரைக் குறித்துவையுங்கள். வாக்குவாதம் வேண்டாம். ஆனால் அந்த வீடியோவை நீங்களே ஒரு முறை வேறொருவர் கண்ணால் பாருங்கள். யாரையாவது சாதி சொல்லித் திட்டுகிற குரல் பின்னால் கேட்கிறதா, நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டைப் பெயர் சொல்லி வைத்திருக்கிறதா? இருந்தால் போலீஸ் சொன்னதற்காக இல்லை, உங்களுக்காகவே அதைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அசல் பென்டிரைவில் இருக்கட்டும். பொது இடத்தில் பணியில் இருக்கிற காவலரைப் படம் எடுக்கக்கூடாது என்று பொதுவான தடை எதுவும் கிடையாது. வேலையைத் தடுத்தார் என்று எழுத இடம் தராத தூரத்தில் நின்றுகொள்ளுங்கள். போனைக் கேட்டால், பறிமுதல் செய்ததற்கான எழுத்து இல்லாமல் கொடுக்காதீர்கள்.

டவர் அண்ணன்களைச் சும்மா விட்டால் மறுபடியும் டவரைத்தான் பார்ப்பார்கள், அவர்களுக்கும் வேலை இருக்கிறது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்பது 1959-ஆம் வருடத் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் 36-வது விதி. புதிதாகக் கேட்டிருக்கிற இடத்தின் சர்வே எண்ணை விஏஓ அலுவலகத்தில் வாங்கி, அதன் எல்லைக் கல்லிலிருந்து ஊரின் கடைசி வீடு வரை நூறடி டேப்பால் அளக்கட்டும். பட்டப்பகலில், வார்டு உறுப்பினரையும் வைத்துக்கொண்டு. அளப்பதை வெட்டாமல் நீங்கள் எடுங்கள். 300-க்கு உள்ளே வந்தால் மறுநாளே மனு, நிருபர், ஆட்சியர் கணக்கு மூன்றுக்கும் அது போக வேண்டும். வெளியே வந்தால் அதை ஒரு வாதமாகவே பேசாதீர்கள். தூசி, வெடி, நிலத்தடி நீர் என்று மற்றவற்றைப் பிடியுங்கள்.

அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். சாட்சி என்று விசாரிக்கப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு அதைச் சொல்கிறது. "சும்மா வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்று யாராவது கூப்பிட்டால் இந்தப் பிரிவைச் சொல்லலாம். இன்னொன்று, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். உதவி எண் 15100. அதை உங்கள் போனில் மட்டும் வைக்காமல், அம்மாவின் போனிலும் பதிந்து கொடுங்கள்.